பொய்ப்பல்லும் ஓங்காளமும்: கொழும்புத் தமிழ் முதியோர் குறித்த ஒரு நோக்கு

பல் போனாற் சொல் போச்சு என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பல்லிழப்பைச் சொல்லிழப்பாகக் கண்ட அப்பழமொழி உண்மையின் ஒரு பகுதியையே கூறுகின்றது. பல்லோடு உணவின் தெரிவும் போகின்றது. முகத்தின் அமைப்பு மாறுகின்றது. பந்தியிலிருந்து உண்ணும் துணிவும் சபையில் வாய்விட்டுச் சிரிக்கும் இயல்பும் குறைகின்றன. இவ்விழப்புகளுக்குப் பரிகாரமாகப் பொய்ப்பல் அமைந்துள்ளது. ஆயின், அப்பரிகாரமே சிலருக்குத் தாங்கவொண்ணாத உபாதையாகிவிடுகின்றது. மேற்றாடைத் தட்டு அண்ணத்தைத் தொட்ட கணத்திலேயே அடிவயிறு புரட்டி, கண் கலங்கி, ஓங்காளம் எழுகின்றது. பல நாள் முயன்று தோற்றபின், காசு கொடுத்துக் கட்டிய பல் மேசையிலுள்ள தண்ணீர்க் கோப்பையில் நிரந்தர வாசம் கொள்கின்றது.

இத்தகையோரைப் பற்றிச் சுற்றத்தார் கூறும் தீர்ப்பு ஏறத்தாழ ஒன்றே: அவருக்குப் பொறுமையில்லை, பழகிக்கொள்ள மனமில்லை. நோயாளியும் நாளடைவில் அத்தீர்ப்பை ஏற்றுக்கொள்கின்றார். இத்தீர்ப்பு தவறானது என்பதையும், ஓங்காளம் மனவுறுதியின் குறைபாடன்று, உடலின் காவற்செயல் என்பதையும், பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அதனை அடக்கி ஆளலாம் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாறு அடக்கியாள்வதற்கு வேண்டிய முதற்பொருள் காலமாகும். அந்தக் காலம் யாருக்குக் கிடைக்கின்றது, யாருக்கு மறுக்கப்படுகின்றது என்னும் வினா மருத்துவத்தின் எல்லையைக் கடந்து சமூகத்தின்பாற் செல்கின்றது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரு பகுதிகளையும் கட்டுரையின் பிற்பகுதியில் எடுத்துக்கொள்வது இக்காரணம் பற்றியே.

1. அண்ணமும் எழுத்தும்

வாயின் உள்ளமைப்பை நுணுக்கமாக அவதானித்த மரபு நம்முடையது. தொல்காப்பியப் பிறப்பியல், எழுத்தொலிகள் தோன்றும் இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றோடு பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றையும் கூறுகின்றது. தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நா பரந்து தொடுவதாற் பிறக்கின்றன. வகரம் பல்லும் இதழும் இயைவதாற் பிறக்கின்றது. முன்பற்களை இழந்தவரின் பேச்சில் இவ்வொலிகளே முதலிற் சிதைகின்றன. பழமொழி குறிப்பிடும் சொல்லிழப்பு இதுவே.

பொய்ப்பல் கட்டியவருக்கு நேர்வது வேறொரு மாற்றம். முழு மேற்றாடைத் தொகுதியிற் பற்கள் மட்டும் இருப்பதில்லை. அண்ணத்தின் வன்மையான பகுதி முழுவதையும் மூடும் ஒரு தட்டும் உண்டு. ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் தடிப்புடைய அத்தட்டு நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே புகுந்துவிடுகின்றது. இடைநா இடையண்ணத்தைத் தொட எழும் சகர ஞகரங்களும், நாநுனி அண்ணத்தைத் தொட்டும் வருடியும் எழும் டகர, ணகர, ரகர, ழகர, லகர, ளகரங்களும் புதிய தளமொன்றைப் பழக வேண்டியனவாகின்றன. முதல்நா முதலண்ணத்தைத் தொட எழும் ககர ஙகரங்கள் மட்டுமே பெரும்பாலும் பழைய இடத்திலேயே பிறக்கின்றன. தட்டு அவ்விடத்துக்குச் சற்று முன்னரே முடிந்துவிடுவதே காரணம்.

தட்டு முடியும் அவ்வெல்லை மிக முக்கியமானது. அண்ணத்தின் முற்பகுதி எலும்பின்மேல் அமைந்தது, அசையாதது. பிற்பகுதி தசையாலானது, அசைவது. ஆ என நீட்டி ஒலிக்கும்போது பிற்பகுதி எழுவதையும் முற்பகுதி அசையாதிருப்பதையும் கண்ணாடியிற் காணலாம். பல் வைத்தியர் நோயாளியை ஆ எனச் சொல்லச் செய்வது இவ்விரண்டின் சந்திப்பைக் கண்டு தட்டின் பின்விளிம்பை அங்கு அமைப்பதற்காகவே. ஓங்காளத்தின் வாயிலும் அதன் அருகிலேயே உள்ளது.

2. ஓங்காளத்தின் உடலியல்

நாவின் அடிப்பகுதி, மென்னண்ணம், உள்நாக்கு, தொண்டையின் இருபுற மடிப்புகள், தொண்டையின் பின்சுவர் ஆகியன ஓங்காளத்தைத் தூண்டவல்ல இடங்கள். இவ்விடங்களிற் படும் தொடுகையை நாத்தொண்டை நரம்பும் முக்கிளை நரம்பும் அலையும் நரம்பும் மூளையின் அடியிலுள்ள நீள்வளைய மையவிழையத்துக்குக் கொண்டுசெல்கின்றன. அங்கிருந்து திரும்பிவரும் கட்டளையால் நா பின்னிழுக்கப்பட்டு, மென்னண்ணம் உயர்ந்து, தொண்டைத் தசைகள் சுருங்குகின்றன. சிந்தனைக்குரிய மேல்மூளையின் அனுமதியை இச்செயல் வேண்டி நிற்பதில்லை. கண்ணெதிரே பூச்சி பறந்தால் இமை மூடுவது எவ்வாறோ அவ்வாறே இதுவும். அந்நியப் பொருளொன்று சுவாசக் குழாயினுட் புகாமற் காப்பதே இதன் பணி.

இச்செயலின் வலிமை ஆளுக்காள் பெரிதும் வேறுபடுகின்றது. 1995 ஆம் ஆண்டு லான்செற் என்னும் மருத்துவ ஏட்டில் வெளியான ஆய்வொன்று, ஆரோக்கியமானவர்களுள் 37 வீதமானோரிடத்துத் தொண்டையைத் தொட்டபோதும் ஓங்காளம் எழவில்லை எனக் கண்டது. மறுமுனையில், பற்றூரிகை கடைவாய்ப்பல்லை எட்டிய அளவிலேயே ஓங்காளிப்போரும் உளர். ஒருவர் ஒரே நாளிற் பொய்ப்பல்லைப் பழகிக்கொள்வதும் மற்றொருவர் ஓராண்டு போராடுவதும் இயல்பின் வேறுபாட்டாலேயன்றிக் குணத்தின் உயர்வு தாழ்வாலன்று.

எனினும் தொடுகை மட்டுமே காரணமெனல் முழுமையாகாது. அச்செடுக்கும் பசையின் மணமும், கிண்ணம் வாயருகே வருதலும், சிலருக்கு வைத்தியரின் அறையை நினைத்தலும்கூடப் போதுமானவை. இரசிய உடலியலறிஞர் பவ்லோவ் நாய்களிடத்து நிறுவிய நிபந்தனைத் தெறிவினையே இங்கும் தொழிற்படுகின்றது. முதன்முறை தொண்டையிற் பசை வழிந்து மூச்சு முட்டியபோது கண்ட காட்சியும் முகர்ந்த மணமும் ஓங்காளத்தோடு பிணைப்புண்டு, பின்னர் அவை தனித்து நின்றும் அதனை எழுப்புகின்றன. ஓங்காளத்தை உடல்வழியானது, உளவழியானது என நூல்கள் இரண்டாகப் பகுப்பினும், நடைமுறையில் இரண்டும் கலந்தே காணப்படும். பிணைப்புண்டது படிப்படியாக அவிழ்க்கப்படலாம் என்பதும் இதே கோட்பாட்டிலிருந்து பெறப்படுவதே; பயிற்சியால் ஓங்காளத்தை வெல்லும் முறைகள் யாவும் இவ்வடிப்படையில் எழுந்தவையாகும்.

மூக்கடைப்பு, மூக்கின் பின்புறமாகத் தொண்டையில் வடியும் சளி, இரைப்பை அமிலம் மேலெழுதல், புகைத்தல் என்பன ஓங்காளத்தைக் கூர்மையாக்குவன. மூக்காற் சுவாசிக்க முடியாதவர் வாயை நிரப்பும் எப்பொருளையும் மூச்சுத் திணறலாகவே உணர்வார். எனவே பல்லைக் குறைகூறுமுன் மூக்கையும் வயிற்றையும் கவனித்தல் வேண்டும்.

3. தட்டின் குறைகள்

நோயாளியிடமிருந்து தட்டுக்கு வருவோம். மேற்றட்டு பசையாலோ கொளுக்கியாலோ நிற்பதன்று. அண்ணத்துக்கும் தட்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய உமிழ்நீர்ப் படலமும், விளிம்பைச் சுற்றிக் காற்றுப் புகாத அடைப்புமே அதனைத் தாங்குகின்றன. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம்.

ஓங்காளிக்கும் நோயாளி, தட்டு தொண்டை வரை நீண்டிருப்பதாக உணர்ந்து, பின்விளிம்பைக் குறைத்துத் தருமாறு வேண்டுகின்றார். வைத்தியரும் அரத்தை எடுக்கின்றார். தட்டு உண்மையிலேயே எல்லை மீறியிருப்பின் இது சரியான பரிகாரம். ஆயின் எல்லையில் நிற்கும் தட்டைக் குறைத்தால், பின்புற அடைப்பு உடைந்து, காற்றுப் புகுந்து, தட்டு தளர்ந்து தொங்குகின்றது. பேசும்போதும் விழுங்கும்போதும் அது நாவின் பின்புறத்தை மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கின்றது. உறுதியான தொடுகையை விட விட்டுவிட்டு நிகழும் மெல்லிய தொடுகையே ஓங்காளத்தை மிகுதியாகத் தூண்டுவது. குறைக்கக் குறைக்க ஓங்காளம் கூடுவதன் காரணம் இதுவே. தட்டு நீண்டிருக்கின்றதா, தளர்ந்திருக்கின்றதா என முதலில் அறிதல் வேண்டும். இரண்டுக்கும் பரிகாரம் நேர்மாறானது.

வேறு குறைகளும் உள. பின்விளிம்பு தடித்திருத்தல், பற்கள் உட்புறமாக அடுக்கப்பட்டு நாவுக்கு இடமின்றிப் போதல், இரு தாடைகளுக்குமிடையிலான உயரம் மிகுந்து, வாய் எப்பொழுதும் திறந்திருப்பது போன்ற நிலை ஏற்படல், கீழ்த்தட்டின் உட்புற விளிம்பு நாவின் அடிவரை இறங்குதல் என்பன அவற்றுட் சில. இவை யாவும் திருத்தத்தக்கவை. ஆதலின், ஓங்காளத்தை மனத்தின்மேற் சுமத்துமுன் தட்டை ஆராய்தல் வைத்தியரின் கடமையாகும்.

இத்துடன், பல்லிழந்த தாடையெலும்பு காலப்போக்கிற் கரைந்து குறைவதும் மனங்கொளத்தக்கது. பல் பிடுங்கிய முதலாண்டிலேயே இக்கரைவு மிகுதி. நீண்டகாலத் தொடராய்வொன்றின் முடிவுகளை 1972இல் வெளியிட்ட தால்கிரென், கீழ்த்தாடையின் கரைவு மேற்றாடையின் கரைவைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் காட்டினார். ஒருமுறை கட்டிய பல் ஆயுள் முழுவதற்கும் பொருந்தும் என எண்ணுதல் தவறு. பத்தாண்டுகளுக்கு முன் அமைதியாக நின்ற தட்டு இன்று ஓங்காளத்தை எழுப்புமாயின், மாறியது பெரும்பாலும் எலும்பே.

4. பயிற்சி முறைகள்

அச்செடுத்தலே ஓங்காளிப்போரின் முதற் சோதனை. இருக்கையைச் சாய்க்காது நிமிர்த்தி, தலையைச் சற்று முன்குனிந்திருக்கச் செய்தல்; எளிதான கீழ்த்தாடையை முதலில் எடுத்தல்; கிண்ணத்திற் பசையை அளவாக இட்டு, பின்புறத்தை முதலில் அழுத்தி, மேலதிகப் பசை முன்னோக்கி வழியச் செய்தல்; மூக்கால் ஆழ்ந்து மெல்லச் சுவாசிக்கச் செய்தல் என்பன எளிய உபாயங்கள். ஒரு காலை உயர்த்திப் பிடித்திருக்குமாறு கூறுவதும், நாநுனியிற் சிறிது உப்பு வைப்பதும் கவனத்தைத் திருப்பும் வழிகள். பசையின்றி ஒளியால் வாயைப் படம்பிடிக்கும் கணினி முறை இப்பொழுது பரவி வருகின்றது. பல்லே இல்லாத வாயில் அதற்குச் சில வரையறைகள் உண்டாயினும், ஓங்காளிப்போருக்கு அது பெரும் வரப்பிரசாதம். நாடிக்கும் கீழுதட்டுக்கும் இடைப்பட்ட குழியிலும் மணிக்கட்டின் உட்புறத்திலும் உள்ள புள்ளிகளை ஊசியாலோ விரலாலோ தூண்டும் சீன மருத்துவ முறையும் கையாளப்படுகின்றது. ஆயினும், ஓங்காளத்தை அடக்கும் முறைகள் பற்றிய சோதனைகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் ஆய்வு, 2015இல், எம்முறைக்கும் உறுதியான சான்று போதாது என்றே முடிவு கூறியது. தீங்கற்ற எளிய முறைகளை முயன்று பார்ப்பதற்கு அது தடையாகாது. அற்புத மருந்தென விற்கப்படுவனவற்றை ஐயுறுவதற்குத் துணையாகும்.

மயக்க வாயுவும் உணர்ச்சி நீக்கித் தெளிப்பும் அச்செடுக்கும் சில நிமிடங்களைக் கடக்க உதவும். ஆனால் பொய்ப்பல் நாள்தோறும் அணியவேண்டியது. நாள் முழுவதும் தொண்டையை மரக்கச் செய்திருக்க ஒருவராலும் இயலாது. எனவே நிலையான பரிகாரம் பழக்கத்திலேயே உள்ளது.

பழக்கும் முறைகளுள் எளிதானது பற்றூரிகைப் பயிற்சி. நாவின் முற்பகுதியை மென்மையாகத் துலக்கி, ஓங்காளம் எழும் இடத்துக்குச் சற்று முன்பாக நிறுத்தி, மூக்காற் சுவாசித்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். காலை வேளையில் வெறுவயிற்றில் ஓங்காளம் மிகுதியாகையால், மாலையில் தொடங்குதல் நன்று. 1973இல் சிங்கர் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் கண்ணாடிக் குண்டுகளை ஒவ்வொன்றாக வாயிலிட்டுப் பழக்கும் முறையொன்றை வெளியிட்டார். வாயில் அந்நியப் பொருள் இருந்தும் மூச்சு நிற்பதில்லை என்பதை உடலுக்கே கற்பிப்பது அம்முறையின் உட்கருத்து. குண்டு தொண்டையிற் சிக்கும் அபாயம் உள்ளதாகையால் வீட்டில் தாமாக அதனைச் செய்தலாகாது.

இன்று பரவலாக விதந்துரைக்கப்படுவது பயிற்சித் தட்டு. பல்லில்லாத மெல்லிய அக்கிரிலிக்குத் தட்டொன்றைச் செய்து நோயாளியிடம் கொடுத்துவிடுகின்றனர். முதல் நாள் ஐந்து நிமிடம் அணிந்தாற் போதும். வேறொன்றில் மனம் ஈடுபட்டிருக்கும் வேளையே அதற்கு உகந்தது. செய்தித்தாளை உரத்து வாசிப்பதும், தேவாரமோ செபமோ ஓதுவதும், பேரப்பிள்ளைக்குப் பாடஞ் சொல்வதும் ஏற்றவை. வாசிப்பில் நா தன் புதிய தளத்தையும் கற்றுக்கொள்கின்றது. ஓங்காளம் எழுந்தாற் கழற்றிவிடலாம், அது தோல்வியன்று. ஐந்து பத்தாகி, பத்து மணிக்கணக்காகியபின், அதே தட்டில் முன்பற்களும், பின்னர் கடைவாய்ப்பற்களும் சேர்க்கப்படும். சிலருக்கு இதற்கு வாரங்களும் சிலருக்கு மாதங்களும் செல்லும்.

உணவிலும் இதே படிமுறை வேண்டும். முழுப் பொய்ப்பல்லின் மெல்லும் ஆற்றல் இயற்கைப் பல்லின் ஆற்றலில் நான்கிலொரு பங்களவே, பலருக்கு அதனினுங் குறைவு. சொதியில் ஊறிய இடியப்பம், குழைந்த சோறு, மசித்த மரவள்ளி, அவித்த மீன் எனத் தொடங்கி, சிறு கவளங்களாக இருபுறமும் சமமாக மென்று பழகிய பின்னரே புட்டும் பயறும் இறைச்சியும். பருத்தித்துறை வடையும் முறுக்கும் கடைசி வகுப்புப் பாடங்கள். இரவிற் பல்லைக் கழற்றித் துலக்கி, குளிர்ந்த நீரில் இட்டுவைத்தல் வேண்டும். முரசுக்கு ஓய்வு அவசியம்.

இவ்வளவு செய்தும் அண்ணத் தட்டைத் தாங்கவியலாதோர் சிலர் எஞ்சுவர். அவர்களுக்கு அண்ணப் பகுதியை வெட்டி நீக்கிய குதிரைலாட வடிவத் தட்டு உண்டு. அதனைத் தாங்குதற்கு எஞ்சிய பற்களோ பல்வேர்களோ வேண்டும்; அன்றேல் எலும்பிற் பொருத்தும் தைத்தேனிய வேர்கள் வேண்டும். 1965இல் சுவீடனில் பிரானமார்க் முதன்முதலாக மனிதரிடத்துப் பயன்படுத்திய இவ்வேர்கள் பல்மருத்துவத்தையே மாற்றியமைத்தன. கீழ்த்தாடைக்கு இரண்டு வேர்கள் போதுமென 2002இல் மொன்றியலிற் கூடிய அறிஞர் கருதினர். அண்ணமற்ற மேற்றட்டுக்குப் பொதுவாக நான்கேனும் தேவை. அதன் செலவு நம் நாட்டில் மிகச் சிலருக்கே எட்டுவது.

செலவற்ற மாற்றுவழி ஒன்றும் உண்டு. நெதர்லாந்து அறிஞர் கைசர் 1981இல் முன்வைத்த குறுகிய பல்வரிசைக் கோட்பாட்டின்படி, முன்பற்களும் அவற்றை அடுத்த சிறு கடைவாய்ப்பற்களும் இருப்பின், பின்னுள்ள பெருங் கடைவாய்ப்பற்களை ஈடுசெய்யாமலே வயதானோர் போதிய அளவு உண்டு வாழலாம். ஓங்காளிப்பவருக்கு இது மிகப் பொருந்தும். ஆடும் பற்களை ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்னும் ஆலோசனையை அத்தகையவர் எளிதில் ஏற்றலாகாது. பல் பிடுங்குமுன்னரே தமக்கு ஓங்காளம் வருவதுண்டு என வைத்தியரிடம் கூறிவிட வேண்டும். காப்பாற்றக்கூடிய இரண்டு வேர்களே பின்னர் ஒரு தட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கக்கூடும்.

5. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

மேற்கூறிய முறைகளுள் மருந்துச் செலவுடையன மிகச் சில. ஆனால் எல்லாம் காலத்தைக் கோருவன. வழக்கமான முறையில் ஒரு முழுத் தொகுதிக்கே முதலச்சு, இரண்டாமச்சு, கடிநிலை பதிதல், மெழுகிற் பொருத்திப் பார்த்தல், கையளித்தல் என ஐந்து வருகைகள் தேவை, திருத்தங்கள் தனி. ஓங்காளிப்பவருக்கு இது இருமடங்காகலாம்.

வெள்ளவத்தையை முதலில் நோக்குவோம். 1983க்குப் பின்னரும் போர்க்காலத்திலும் வடபகுதியிலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் பல இங்கு வந்து தங்கின. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எழுந்த தொடர்மாடிகளில் இன்று தனித்து வாழும் முதியோர் பலர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பர், பணம் வரும், ஆள் வருவதில்லை. இவர்களுக்குத் தனியார் வைத்தியம் எட்டக்கூடியதே. ஆயின் தனியார் துறையில் விலை பேசப்படுவது ஒரு தொகுதிக்கு. அதனைப் பழக்குவதற்குச் செலவாகும் மணித்தியாலங்களுக்கன்று. பேத்தியின் கலியாணத்துக்கு முன், அல்லது கனடாப் பயணத்துக்கு முன் என அவசரம் சேர்ந்துகொள்ளும்போது, பயிற்சித் தட்டுக்கு இடமேது? பழகுவதற்கு வேண்டிய மற்றொன்று துணை. தனியறையில் ஒருவர் பேச்சைப் பழக இயலாது. எதிரிலிருந்து கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.

கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் புறக்கோட்டைக் கடைகளையும் நம்பி வாழும் தொழிலாளரும், மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரும், சிறு வியாபாரிகளும் வாழும் பகுதி இது. நாட்கூலிக்காரருக்கு ஐந்து வருகை என்பது ஐந்து நாட் கூலி. அரச வைத்தியசாலையில் பல் பிடுங்குதல் இலவசம், பரவலாகக் கிடைப்பது. பல் கட்டும் வசதியோ ஒப்பீட்டளவில் சில நிலையங்களிலேயே உண்டு. வாட் பிளேசிலுள்ள தேசிய பல் வைத்தியசாலை கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைவிலில்லை. ஆயினும் நாடெங்குமிருந்து நோயாளர் வந்து குவியும் இடத்தில் ஒருவரின் ஓங்காளத்துக்கென ஒதுக்கக்கூடிய நேரம் எவ்வளவு? எடுப்பது எளிது, இடுவது அரிது என்ற இந்நிலையே ஏழையின் வாயை வெறுமையாக்குகின்றது.

வெற்றிலை இவ்விடத்திற் சிறப்பாகக் கருதத்தக்கது. உடலுழைப்பாளர் பசியையும் களைப்பையும் ஆற்ற வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை நாடுதல் நெடுங்கால வழக்கம். புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டைப் புற்றுநோய்க் காரணியென 1985இலும், புகையிலை சேராத கூட்டையும் பாக்கையும்கூட அவ்வாறேயென 2004இலும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெளியிட்டது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. பாக்கினால் வாயின் உட்தோல் இறுகி நார்த்தன்மை அடையும் நோயும் இங்கு அரிதன்று. அத்தகையவரின் வாய் இரண்டு விரலளவுகூடத் திறவாது, அச்சுக்கிண்ணம் நுழையாது, நுழைப்பினும் இறுகிய திசு வலிக்கும். இவருடைய துன்பம் ஓங்காளமெனத் தவறாகக் கொள்ளப்படலாம். தட்டின்கீழ் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாதிருக்கும் புண்ணையோ வெண்படலத்தையோ செம்படலத்தையோ பல் உரசியதென்று விட்டுவிடாது உடன் காட்டுதல் வேண்டும்.

மொழியும் ஒரு தடையே. ஓங்காளம் என்பதற்கும் சத்தி என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ்ப் பேச்சுவழக்கிற் தெளிவானது. தமிழறியா வைத்தியரிடம் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கும்போது அது மறைந்து, வயிற்றுக்கோளாறாகிவிடுகின்றது. தட்டு தளர்வதால் வருவதா, நீள்வதால் வருவதா, நினைத்தாலே வருவதா என்னும் நுணுக்கங்களை நோயாளி சொல்லாவிடின் பரிகாரம் திசைமாறும். தமிழும் அரசகரும மொழியென 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறுகின்றது. சிகிச்சை அறையில் அதன் பொருள் இத்தகைய சிறு சொற்களிலேயே சோதிக்கப்படுகின்றது.

பெண்களின் நிலையையும் தனித்து நோக்கவேண்டும். எல்லாரும் உண்டபின் அடுக்களையில் தனித்துண்ணும் வழக்கம், பல்லில்லாமையையும் ஓங்காளத்தையும் சேர்த்தே மறைத்துவிடுகின்றது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிக்கும் அம்மையார் என்ன உண்கின்றார் என்பதை வீட்டார் அறியார். தேநீரும் விசுக்கோத்தும் பாணுமாகச் சுருங்கும் அவ்வுணவு, நீரிழிவு மிகுந்துள்ள நகர்ப்புறச் சமூகத்தில் மற்றொரு தீங்கையும் சேர்க்கின்றது; நீரிழிவு முரசு நோயைப் பெருக்கி எஞ்சிய பற்களையும் ஆட்டுவது.

6. பல்லின் அரசியற் பொருளாதாரம்

பொய்ப்பல்லின் வரலாறே வர்க்க வரலாறாகும். 1815ஆம் ஆண்டு வாட்டர்லூப் போர்க்களத்தில் இறந்துகிடந்த படைவீரரின் பற்கள் பிடுங்கப்பட்டுச் செல்வர் வாய்களுக்கு விற்கப்பட்டன. வாட்டர்லூப் பற்கள் என்ற பெயரே வழங்கலாயிற்று. 1851இல் வன்றப்பர் தோன்றியபின்பே பொய்ப்பல் நடுத்தர வகுப்பினருக்கு எட்டியது. 1937 அளவில் அறிமுகமான அக்கிரிலிக்கு அதனை மேலும் மலிவாக்கியது. இலங்கை நகரங்களிற் சீன வமிசாவளிக் குடும்பங்கள் சில பல் கட்டுவதைப் பரம்பரைத் தொழிலாகச் செய்துவந்தமை மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். பொருள் மலிந்தது, கைவினையும் பரவியது, எனினும் பல்லுக்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினா தீரவில்லை.

பிரித்தானியாவில் 1948 யூலையில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பொய்ப்பல் இலவசமாக வழங்கப்பட்டது. அதுவரை வெறுவாயுடன் வாழ்ந்த தொழிலாளர் திரண்டு வந்தனர். மதிப்பிட்ட செலவு பன்மடங்காயிற்று. கொரியப் போரையொட்டிய ஆயுதச் செலவு உயர்ந்த 1951இல் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவுசெய்தது. சேவையை நிறுவிய அனைரின் பெவன் அதனை எதிர்த்து அமைச்சுப் பதவியைத் துறந்தார்; பின்னாளிற் பிரதமரான ஹரல்ட் வில்சனும் அவருடன் விலகினார். ஒரு பேரரசின் அமைச்சரவையைப் பிளந்த வினாவைச் சிறியதென ஒதுக்கல் இயலாது. இலவச வைத்தியத்தைப் பெருமையோடு பேணிவரும் நம் நாட்டிலும் பல், வைத்தியத்தின் விளிம்பிலேயே நிற்கின்றது. உலக சுகாதாரத் தாபனம் 2021இல் வாய்ச்சுகாதாரம் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியதும், உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய்நோயால் வருந்துகின்றனரென 2022இல் அறிவித்ததும் அவ்விளிம்பை மையத்துக்குக் கொணரும் முயற்சிகளே.

வருமுன் காத்தலில் நமக்கு முன்மாதிரிகள் உண்டு. 1950களிற் கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்தின் துணையோடு மகரகமையிற் பயிற்றப்பட்ட பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் பிள்ளைகளின் பற்களைக் காத்த பணி குறிப்பிடத்தக்கது. எண்பது வயதில் இருபது பற்கள் என்னும் இலக்கை 1989இல் வகுத்த யப்பான், முதியோரின் பற்களையும் பெருமளவிற் காக்கலாம் என்பதைக் காட்டியுள்ளது. பிள்ளைகளுக்குச் செய்ததை முதியோருக்கும் விரிப்பதே இப்பொழுது வேண்டப்படுவது.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில கோரிக்கைகள் எழுகின்றன. பல் பிடுங்கும் அரச நிலையங்களில் பல் கட்டும் வசதியும், பல்தொழில்நுட்பவியலாளர் நியமனமும் விரிவுபெறல் வேண்டும். ஓங்காளிப்போருக்குப் பயிற்சித் தட்டு மேலதிகச் சலுகையாகவன்றிச் சிகிச்சையின் பகுதியாகவே வழங்கப்படல் வேண்டும். தமிழ் பேசும் நோயாளர் மிகுந்த நிலையங்களில் தமிழில் வினவத்தக்க ஒருவரேனும் இருத்தல் வேண்டும். பேராதனைப் பல் மருத்துவ பீடத்திற் பயிலும் தமிழ் மாணவரும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் சேர்ந்து, பயிற்சி முறைகளை எளிய தமிழிற் சிறு பிரசுரமாக வெளியிடுதல் பெருஞ்செலவின்றி ஆகக்கூடிய காரியம். முதியோர் சங்கங்களும் கோயில் மண்டபங்களும் ஆலயங்களும் அதனைப் பரப்பும் களங்களாகலாம்.

வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. தண்ணீர்க் கோப்பையிற் பல் கிடக்கக் கண்டால், ஏன் போடவில்லை என அதட்டுதலை விடுத்து, எங்கே உரசுகின்றது, எப்பொழுது ஓங்காளிக்கின்றது, எத்தனை நிமிடம் தாங்குகின்றது எனக் கேட்டறிந்து குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அக்குறிப்போடு வைத்தியரிடம் மீளச் செல்லும் நோயாளிக்கு அவர் சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவதென்பது தெளிவாகும்.